டீசல் தீர்ந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தின இரவுகளில் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் வரை ஜிஎஸ்டி சாலையில் போய்வருகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நடுப்பாதையில் ஒரு டெம்போ டிராவலர் நிற்கும். உள்ளே விளக்கு எரியும். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு விரித்த மெத்தையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் கண்ணாடியைத் தள்ளிவிட்டு விசிறிக்கொண்டிருப்பார்கள். டிரைவர் இருக்க மாட்டார். யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறி, கையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு பங்க்கைத் தேடிப் போயிருப்பார். வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி இரண்டு கருங்கல், மேலே ஒடித்துப் போட்ட வேப்பங்கிளை. பின்னால் வருகிற லாரிக்கு இந்தக் குடும்பம் கொடுக்கும் எச்சரிக்கை அவ்வளவுதான்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். டிரைவரின் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே முப்பது மீட்டர் போய்விடும். சுமை ஏற்றிய லாரி நிற்பதற்கு அதற்கு மேலும் தூரம் வேண்டும். பத்தடியில் கிடக்கும் வேப்பங்கிளையால் யாருக்கு என்ன பயன்? டீசல் தீர்ந்ததால் யாரும் சாவதில்லை. தீர்ந்த பிறகு அந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் சாகிறார்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் மேல்மருவத்தூர், திருவண்ணாமலை, சபரிமலை என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

வண்டி இருமத் தொடங்கியதும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். என்ஜின் இழுக்காமல் திணறினாலே இடது இண்டிகேட்டரைப் போட்டு, இருக்கிற ஓட்டத்திலேயே ஓரத்துக்கு வந்துவிடுங்கள். சர்வீஸ் ரோடு இறக்கம் பக்கத்தில் இருந்தால் அதில் இறக்குங்கள். என்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பயந்துபோய் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாக அழுத்துங்கள். ஓடும்போது சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிடவும் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள்.

அடுத்தது ஆட்களை இறக்குவது. எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலிக்கிற பாட்டியைக் கைபிடித்து இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துங்கள். வண்டிக்கு முன்னாலும் நிற்க வேண்டாம், பின்னாலும் நிற்க வேண்டாம். பின்னால் இடித்தால் வண்டி முன்னால்தான் பாயும். "மழை பெய்யுது, உள்ளேயே இருக்கட்டும்" என்பார்கள். நனையட்டும். "கொசு கடிக்குது" என்பார்கள். கடிக்கட்டும்.

சிவப்பு முக்கோணப் பலகை புது வண்டி வாங்கும்போதே கூட வரும். பெரும்பாலான வண்டிகளில் அது பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் ஸ்டெப்னிக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுத்து, வரும் வண்டிகளைப் பார்த்தபடி, தடுப்புக்கு வெளிப்பக்கமாகவே பின்னோக்கி நடந்து, ஐம்பது மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். வளைவோ மேம்பால இறக்கமோ இருந்தால் அதற்கும் முன்னால். கல்லும் கிளையும் வேண்டவே வேண்டாம். வண்டி கிளம்பிய பிறகு அந்தக் கற்களை எடுத்துப் போடுகிறவர் யாரும் இல்லை. விடியற்காலையில் பால் கேனோடு பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுகிறார்.

இனி யாரைக் கூப்பிடுவது? அது, வண்டி நிற்கிற சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் போகும் ஜிஎஸ்டி சாலை, முன்பு 45 என்றும் இப்போது 32 என்றும் எண் போட்ட தேசிய நெடுஞ்சாலை. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் போகும் பைபாஸும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. இந்த இரண்டிலும் நின்றால் 1033. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது. ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூன்றையும் இந்த எண் வழியாகவே கேட்கலாம். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, ஓஎம்ஆர், மாமல்லபுரம் வரையிலான ஈசிஆர் எல்லாம் மாநில அரசின் பொறுப்பு. அங்கே 1033 உதவாது. சுங்கச் சீட்டிலும் சாலையோரப் பலகையிலும் இருக்கும் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும், கிடைக்காவிட்டால் 112. வேளச்சேரி சாலை, முடிச்சூர் சாலை போன்றவற்றில் நடுப்பாதையில் மாட்டிக்கொண்டாலும் 112தான்.

கூப்பிட்டதும், "தாம்பரம் தாண்டி, ஒரு பாலத்துகிட்ட" என்று சொல்லாதீர்கள். அங்கே பாலம் பத்து இருக்கிறது. ஓரத்திலோ மீடியனிலோ இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். திருச்சி போகும் பக்கமா, சென்னை வரும் பக்கமா என்பதைச் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் சொல்லாததால் ரோந்து வண்டி மீடியனுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, திரும்பி வர இன்னும் சில கிலோமீட்டர் சுற்றுகிறது. அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், புகார் எண் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வேலைக்கு ஆகும்.

வாட்ஸ்ஆப்பில் பல வருடமாகச் சுற்றும் ஒரு செய்தியை நம்பி இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுங்கச் சீட்டை வைத்திருந்தால் வழியில் பெட்ரோல் தீர்ந்தால் ஐந்து லிட்டரோ பத்து லிட்டரோ கொண்டுவந்து கொடுப்பார்கள் என்கிறது அது. நீங்கள் கட்டும் சுங்கத்தில் டீசல் அடங்காது. ரோந்து ஊழியர் மனசு வைத்து வாங்கி வந்து கொடுத்தால் அது அவர் செய்யும் உதவி, விலையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதே சமயம், அவர்கள் செய்தே ஆக வேண்டியதையும் பலர் கேட்பதில்லை. ஓடுபாதையில் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்துவதும், அதுவரை கூம்பு வைத்துப் பாதுகாப்பதும் சுங்கம் வாங்குகிறவர்களின் கடமை. "டீசல் போட்டா ஓடிடும் சார், வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு உரிமை இல்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் 1033ஐ அழைத்து அந்தப் புகார் எண்ணிலேயே பதிய வையுங்கள்.

தானாக வந்து கொக்கி மாட்டும் தனியார் கிரேன்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கொக்கி மாட்டுவதற்கு முன்பு தொகை என்ன, எங்கே கொண்டுபோய் விடுவார் என்று கேளுங்கள், வண்டி எண் போட்ட ரசீது கேளுங்கள். மாட்டிய பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. போலீஸ் இழுத்துப் போனால் கதை வேறு. போக்குவரத்துக்கு இடையூறாக வண்டியை நிறுத்துவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 201வது பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு, இழுத்துப் போன செலவும் உங்கள் தலையில்தான். அதற்கும் சலான் கேட்டு வாங்குங்கள்.

கேன் விஷயத்துக்கு வருவோம். பங்க்கில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் தர மறுத்தால் அந்தப் பையனிடம் சண்டை போடாதீர்கள். அவர் செய்வது சரி. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் இறுக்கமாக மூடிய உலோகக் கலத்தில், ஒரு கலம் 25 லிட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. டீசலுக்கு விதி இவ்வளவு இறுக்கமில்லை என்றாலும் தண்ணீர் கேன் ஆகாது. கேனின் அடியில் தங்கும் அரை டம்ளர் தண்ணீர் டீசலோடு உள்ளே போனால் இன்ஜெக்டரைக் கெடுக்கும். 200 ரூபாய் டீசல் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும். செய்தித்தாளைச் சுருட்டிப் புனல் ஆக்குவதும் அதே கதைதான், தாளின் துணுக்கு ஃபில்டரில் போய் நிற்கும்.

டீசல் ஊற்றியதும் வண்டி கிளம்பாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டேங்க் காலியானால் குழாயில் காற்று ஏறிவிடும், ஏர் லாக். அதை எடுக்காமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கும், ஸ்டார்ட்டர் சூடாகும். இப்போதைய காமன் ரெயில் என்ஜின்களில் உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகு, வறண்டு சுற்றினால் தேயும். ஃபில்டர் பக்கத்தில் கை பிரைமர் இருந்தால் அது இறுகும்வரை அழுத்துங்கள், பிறகு பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடைவெளி விட்டு முயலுங்கள். இரண்டு மூன்று முறையில் பிடிக்காவிட்டால் மெக்கானிக்தான். ஊற்றும்போதும் ஐந்து லிட்டராவது ஊற்றுங்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பெரிய டேங்க்கின் அடியில் பரவிவிடும், குழாய்க்கு எட்டாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகள் பலவற்றில் இன்னொரு டேங்க்கும் இருக்கிறது. டிரைவர்கள் யூரியா என்று சொல்லும் திரவம். அது தீர்ந்து, டேஷ்போர்டு விளக்கையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால், நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. டீசல் முள்ளைப் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

டீசல் ஏன் தீர்கிறது? மைலேஜ் கணக்குப் போட்டுக் கிளம்புகிறார்கள். நெரிசல் கணக்குப் போடுவதில்லை. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் புதுப் பேருந்து நிலையம் திறந்த பிறகு, பண்டிகை நாளில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டவே மணிக்கணக்கு ஆகிறது. ஏசியைப் போட்டு நிற்கும் வேன் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும், ஒரு கிலோமீட்டர்கூட நகராமல். வீடு போலவே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் வைத்துக் கட்டும் கேரவன்களில் ஜெனரேட்டரும் அதே டேங்க்கிலிருந்து இழுக்கும். வெளிநாட்டு மோட்டார்ஹோம்களில் ஜெனரேட்டர் குழாயைச் சற்று உயரத்தில் வைத்து, டேங்க்கில் சுமார் கால் பங்கு எப்போதும் என்ஜினுக்கு மிஞ்சும்படி கட்டுகிறார்கள். இங்கே பாடி கட்டுகிறவரிடம் அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். கால் டேங்க்குக்குக் கீழே முள் இறங்கினால் அடுத்த பங்க்கில் நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரவன் என்று சொன்னதும் இன்னொரு பயம். அந்த அடுப்பு பக்கத்திலேயே அவசரத்துக்கு என்று ஒரு கேன் டீசல் வைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி எடுத்து வந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். அது நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டி, பல வாசல் உள்ளது. வேனுக்கு ஒரு வாசல், அதிலும் பாதியை மெத்தை அடைத்திருக்கும். ஆட்கள் படுக்கிற வண்டிக்குள் தனிக் கேனில் எரிபொருள் வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

அந்த வண்டியின் ஆர்சியையும் எடுத்துப் பாருங்கள். வாகன வகை என்ற இடத்தில் கேம்பர் வேன் என்று இருக்கிறதா? கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ் 124 என்ற தரநிலை உண்டு. பயணிகள் வேனை வாங்கி, சீட்டைப் பெயர்த்து, கட்டில் அடித்து, ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு தாளும் கொடுக்காமல் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை மீறுவது. 2019இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, கிளெய்ம் என்று போகும்போது இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். மாற்றம் செய்யும் முன்பே, டிஎன் 11 என்றால் தாம்பரம், டிஎன் 22 மீனம்பாக்கம், டிஎன் 19 செங்கல்பட்டு என்று அந்தந்தப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸ் என்றதும் பாதிப் பேர் மறந்துபோகும் ஒன்று: பல பாலிசிகளில் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி, சாலையோர உதவி என்ற சேர்க்கையை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பீர்கள். எரிபொருள் தீர்ந்தால் சில லிட்டர் கொண்டுவந்து தருவதும் பெரும்பாலும் அதில் உண்டு. வீட்டில் இருக்கும்போதே பாலிசித் தாளை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்குள், வாடகைக்கு ஓடும் மஞ்சள் போர்டு வண்டிக்கு உண்டா. அந்த உதவி எண்ணைப் போனில் ஏற்றி, டேஷ்போர்டிலும் எழுதி ஒட்டுங்கள்.

கூப்பிட்டும் வரவில்லை என்றால் சும்மா விடாதீர்கள். அழைத்த நேரம், வந்த குறுஞ்செய்தி, நீங்களே செலவழித்த கிரேன் ரசீது, டீசல் பில் எல்லாவற்றையும் சேர்த்து, பாலிசி எண்ணோடு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். கால் சென்டரில் கத்துவது புகார் ஆகாது. மின்னஞ்சலோ விரைவுத் தபாலோ வேண்டும், தேதி வேண்டும். உதவாவிட்டால் 155255 என்ற இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணைய எண், அல்லது பீமா பரோசா தளம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டை, அண்ணா சாலை, 453ஆம் எண், பாத்திமா அக்தர் கோர்ட், நான்காவது தளம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதிய நகல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனியாக விற்கப்படும் சாலையோர உதவித் திட்டம் என்றால், உதாரணமாக வண்டிக் கம்பெனியே கொடுத்தது என்றால், ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

வாடகை வேனில் போய் நடுவழியில் நின்றாலும் அங்கேதான். பேசிய வாடகையில் டீசல் சேர்த்தி என்றால், டீசல் தீர்ந்தது உங்கள் தலையெழுத்து ஆகாது, அது சேவைக் குறைபாடு. ஆனால் கையில் ஒரு தாளும் இல்லாமல் போய் நின்றால் என்ன செய்வது? முன்பணம் கட்டிய ரசீது, வண்டி எண் போட்ட டிரிப் ஷீட், இரண்டையும் கிளம்பும் முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பிறகு செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடக் கெடு. ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குப் பிடிக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கு என்று பதிந்த வண்டியில் காசு கொடுத்துப் போய் அடிபட்டால், நஷ்ட ஈடு தராமலிருக்க இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

"காலையில்தான் இரண்டாயிரத்துக்குப் போட்டேன், அதற்குள் எப்படித் தீரும்?" என்கிறவர்களுக்கு: பங்க்கில் ஐந்து லிட்டர் முத்திரைக் கலம் இருக்க வேண்டும். அளந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, 25 மில்லி வரை வித்தியாசத்தை விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் பில்லோடு பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கும், அதாவது மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பில் வாங்காமல் போட்ட டீசலுக்கு எந்த அலுவலகமும் பதில் சொல்லாது.

நின்ற வண்டியில் பின்னால் வந்து இடித்தே விட்டால், முதல் வேலை 108. மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. முன்பணம் கேட்டால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நஷ்ட ஈட்டுக்கு மோட்டார் வாகன விபத்து உரிமைக் கோரிக்கை தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். திருத்தப்பட்ட சட்டத்தில் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கெடு நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது என்பதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "விளக்கு எரிந்ததா, முக்கோணம் வைத்தீர்களா?" என்பதாக இருக்கும். வைக்கவில்லை என்றால் தவறில் ஒரு பங்கு உங்களுடையது என்று தொகையைக் குறைப்பார்கள். வைத்தவுடனே வண்டியும் முக்கோணமும் தெரியும்படி தடுப்புக்கு வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

போலீஸ் எல்லைப் பிரச்சினையும் வரும். மறைமலை நகர் வரை தாம்பரம் ஆணையரகம், அதைத் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டக் காவல்துறை. அடிபட்ட குடும்பத்தை இரண்டுக்கும் நடுவே அலையவிடுவது இன்னும் நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. "எங்க லிமிட் இல்லை" என்றால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கு எஃப்ஐஆர் போடவில்லை என்றால் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது கையில் வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.